மறு: கிராப் ஃபேக்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘குவியப் பெருக்கி’ என்றே வைத்துவிடலாமே. 50 லென்ஸ் 75 ஆகிவிடுகிறது என்றுதானே எல்லாரும் சொல்கிறோம்?

அது மட்டும் வேண்டாம் அண்ணே. கிராப் ஃபேக்டர் என்பது ஒரு கேமராவின் சென்சார் (படம் பதியும் சில்லு) ஃபுல் ஃப்ரேமைவிட எத்தனை மடங்கு சின்னது என்று காட்டும் எண்தான். இங்கே எதுவும் பெருகவில்லை. 50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸை எந்த கேமரா பாடியில் மாட்டினாலும் அது 50தான். உள்ளே வட்டமாக ஒரு பிம்பம் விழுகிறது. 36×24 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் சென்சார் அதில் பெரிய செவ்வகத்தை எடுக்கிறது, 23.5×15.6 மி.மீ. உள்ள நிக்கான் டிஎக்ஸ் சென்சார் நடுவில் சின்னத் துண்டை எடுக்கிறது. அவ்வளவுதான்.

மதுரைக் கல்யாண மண்டபம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மேடையில் 5 மீட்டர் அகலத்துக்குச் சொந்தபந்தம் நிற்கிறது. ஃபுல் ஃப்ரேமில் 50 போட்டால் ஏறக்குறைய 7 மீட்டர் தள்ளி நின்றால் போதும், கணக்கு 5×50÷36. அதே லென்ஸ் டிஎக்ஸில் என்றால் 10.6 மீட்டர். அவ்வளவு பின்னே போனால் நாற்காலி வரிசைக்குள் நிற்கவேண்டும், முன்னால் இருப்பவர் தலைப்பூ படத்துக்குள் வந்துவிடும். 35 மாட்டினால் 7.4 மீட்டரில் முடியும்.

‘பெருக்கி’ என்று பேர் வைத்தால் எஃப் எண்ணையும் (லென்ஸ் திறப்பைச் சொல்லும் எண்) பெருக்கி எக்ஸ்போஷர் (படத்துக்கான ஒளியளவு) போடுவார்கள். 1.8 திறப்பு எக்ஸ்போஷருக்கு 1.8தான். பின்னணி மங்குவதை ஒப்பிடும்போது மட்டும், ஒரே இடத்தில் நின்று ஒரே அளவு படம் எடுத்தால், டிஎக்ஸில் 50 லென்ஸின் 1.8 ஃபுல் ஃப்ரேமில் 75 லென்ஸுக்கு 2.7 வைத்தது போலிருக்கும். கை ஆட்டத்துக்கும் டிஎக்ஸின் கிராப் ஃபேக்டரான 1.5-ஐக் கணக்கில் சேர்க்கவேண்டும்: 50-க்கு ஷட்டர் வேகம் 1/50 நொடி போதாது, 1/80 வையுங்கள்.

என் பரிந்துரை ‘நறுக்கெண்’. ஓலை நறுக்கு என்கிறோமே, அந்த நறுக்கு. நறுக்குச் சட்டகம் (சின்ன சென்சார்), முழுச் சட்டகம் (ஃபுல் ஃப்ரேம்) என்று குடும்பமும் அமைந்துவிடும். ‘கிராப் எண்’ என்றால் சலூன் கடை நினைவுதான் வருகிறது.

—

நறுக்கெண் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பென்டாக்ஸ் 645இசட்டும் டிஎஸ்எல்ஆர்தான் (லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி வைத்த டிஜிட்டல் கேமரா). அதன் சென்சார் ஏறத்தாழ 44×33 மி.மீ. அதற்கு இந்த எண் 0.79. ஃபுல் ஃப்ரேமைவிடப் பெரிதானதை எப்படி நறுக்கு என்பது? ‘மூலைவிட்ட விகிதம்’ என்றால் இரண்டு பக்கமும் பொருந்தும், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். ஃபுல் ஃப்ரேம் மூலைவிட்டம் 43.3 மி.மீ., கேனானின் 22.3×14.9 மி.மீ. சென்சாருக்கு 26.8. வகுத்தால் 1.6.

‘ஃபேக்டர்’ என்பதற்குக் ‘காரணி’ என்று போடாமல் விட்டது நல்லது. கணக்குப் புத்தகத்தில் அது மீதியில்லாமல் வகுக்கும் எண்.

—

0.79 சரியான அடி. ஆனால் கடையில் ‘இதன் மூலைவிட்ட விகிதம் என்ன’ என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதை விளக்கமாக வைத்துக்கொள்வோம், நறுக்கெண் பேராக இருக்கட்டும். பதிவு இப்படி:

நறுக்கெண்: முழுச் சட்டகத்தின் மூலைவிட்டத்தைச் சென்சாரின் மூலைவிட்டத்தால் வகுத்து வரும் எண். நிக்கான் டிஎக்ஸ் 1.5, கேனான் ஏபிஎஸ்-சி (கேனானின் நறுக்குச் சட்டகம்) 1.6. ஒன்றுக்குக் கீழே வந்தால் சென்சார் முழுச் சட்டகத்தைவிடப் பெரிது.

கூடவே ஓர் எச்சரிக்கையும் சேர்க்கவேண்டும்: நறுக்குச் சட்டகத்துக்கென்று செய்த டிஎக்ஸ் லென்ஸ் நிக்கான் முழுச் சட்டக பாடியில் மாட்டும், ஆனால் சென்சார் முழுவதையும் பயன்படுத்தினால் மூலை கறுக்கும். கேனானின் நறுக்குச் சட்டக லென்ஸான இஎஃப்-எஸ்ஸை முழுச் சட்டக டிஎஸ்எல்ஆர் பாடியில் மாட்டவே முடியாது. அதன் பின்பக்கம் உள்ளே நீண்டிருப்பதால் பாடிக்குள் இருக்கும் கண்ணாடியில் இடிக்கும். அழுத்திப் பார்க்கக் கூடாது.