பந்தை ஆடாமல் விட்டேன், எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்ததாக அவுட்) கொடுத்துவிட்டார்கள். இது சரியா?

மூன்றாம்_ஸ்லிப்:
ஞாயிற்றுக்கிழமை லெதர் பால் மேட்ச், பேட்டிங் டீமே அம்பயர் நிற்கும் வகை. ஆஃப் ஸ்பின்னர் (பந்தை உள்ளே திருப்புகிறவன்) ஆஃப் ஸ்டம்புக்கு (காலுக்கு எதிர்ப்பக்க ஸ்டம்ப்) நல்ல வெளியே பந்தைக் குத்தினான், அப்படியே போய்விடும் என்று பேட்டைத் தோளுக்கு மேலே தூக்கிவிட்டேன், அது திரும்பி முன்கால் பேடில் பட்டது. பட்ட இடமும் ஸ்டம்புக்கு வெளியேதான், சத்தியமாக. எங்கள் டீம் ஆளே விரலைத் தூக்கிவிட்டான்! டெஸ்ட் மேட்சில் ரிவியூ போனால் இம்பாக்ட் (பந்து பேடில் பட்ட இடம்) வெளியே என்றால் நாட் அவுட்தானே? அவனோடு மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

பழைய_பேடு:
தம்பி, அவுட்தான். நீங்கள் சொல்வது ஷாட் ஆடினால் மட்டும். ஆடாமல் விட்டால் இம்பாக்ட் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே இருந்தாலும், பந்து ஸ்டம்பில் போய் முட்டும் என்று அம்பயருக்குத் தோன்றினால் கொடுக்கலாம். லெக் ஸ்டம்புக்கு (கால் பக்க ஸ்டம்ப்) வெளியே குத்தினால் மட்டும் ஷாட் ஆடினாலும் ஆடாவிட்டாலும் எல்பி கிடையாது.

இந்த விதி முன்பு இல்லை. 1957 எட்ஜ்பாஸ்டனில் வெஸ்ட் இண்டீஸின் ஸ்பின்னர் ராமதின் முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 186-க்குச் சுருட்டினார். இரண்டாவதில் பீட்டர் மேயும் காலின் கௌட்ரியும் என்ன செய்தார்கள் தெரியுமா, முன்காலை நீட்டி பேடாலேயே தடுத்துக்கொண்டிருந்தார்கள், வெளியே பட்டால் அந்தக் காலத்தில் அவுட்டே கிடையாதே. பார்ட்னர்ஷிப் 411, மே 285 நாட் அவுட், பாவம் ராமதின் அந்த ஒரு இன்னிங்ஸில் மட்டும் 98 ஓவர் போட்டார். என்னைக் கேட்டால் அது பேட்டிங்கே இல்லை. இப்படி பேடால் ஆடுவதை ஒழிக்கத்தான் பிறகு விதியை மாற்றினார்கள்.

மூன்றாம்_ஸ்லிப்:
சரி சார், அப்போ பேட்டை பேடுக்குப் பின்னால் ஒட்டி வைத்துக்கொண்டு ஆடுகிற மாதிரி காட்டினால்?

பழைய_பேடு:
நிஜமாகவே ஆட முயன்றாயா என்று அம்பயர்தான் முடிவு செய்வார். நடிப்பு எடுபடாது.

காலைநேர_ஸ்விங்:
விதியை விடுங்க ப்ரோ, ஸ்பின்னரை, அதுவும் உள்ளே திரும்பும் பந்தை, எதற்கு விட்டீர்கள்? விடுவது வெளியே போகும் பந்துக்கான வேலை. மிடில் ஸ்டம்பில் கார்டு எடுத்து (நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு), லேசாக ஆஃப் பக்கம் நகர்ந்து, தலை ஆஃப் ஸ்டம்புக்கு நேரே வருகிற மாதிரி நின்று பாருங்கள். கண்ணுக்கு வெளியே போவதெல்லாம் நமக்கு வேண்டாத பந்து. பவுன்ஸ் இருக்கிற பிட்சில் லெங்த்தை (பந்து குத்தும் தூரம்) பார்த்தும் விடலாம், ஸ்டம்புக்கு மேலேயே போய்விடும். நம் ஊர் மண் பிட்சில் அதை முயன்றால் பெயில்ஸைத் தேட வேண்டியதுதான்.

2004-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சிட்னி டெஸ்டில் சச்சினைப் பாருங்கள். அந்தத் தொடரில் அதற்கு முன் 0, 1, 37, 0, 44. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பேட்டை நீட்டியும் அவுட் ஆகியிருந்தார். ஆஃப் பக்கம் அடிக்கும் கவர் டிரைவே வேண்டாம் என்று மூட்டை கட்டி வைத்துவிட்டு, வெளியே வந்ததை விட்டு, காலுக்கு நேரே போடும்வரை காத்திருந்து அடித்தார். 436 பந்து, 241 நாட் அவுட். அத்தனை அழகான ஷாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்து மணி நேரம் ஆடாமல் இருப்பது, அடேயப்பா.

பழைய_பேடு:
ஸ்பின் மட்டுமில்லை, ரிவர்ஸ் ஸ்விங்கிலும் (பழைய பந்து காற்றில் எதிர்ப்பக்கம் வளைவது) விடுவது ஆபத்து. 2005 ஓல்ட் டிராஃபோர்டில் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கிளார்க், இங்கிலாந்தின் சைமன் ஜோன்ஸ் பந்தை உங்களை மாதிரியே தூக்கி விட்டார். அது உள்ளே வந்து ஆஃப் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போனது. அங்கே அம்பயரைத் திட்டவும் வழியில்லை.

மூன்றாம்_ஸ்லிப்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் கொடுத்தது விதி தெரிந்தா, போன வாரம் நான் அவனை ரன் அவுட் ஆக்கியதற்கா என்று இன்னும் சந்தேகம் இருக்கிறது. எப்படியும் இன்று டீ செலவு என்னுடையது.