தட்டின் மூலையை வெட்டியதும் மேலிருந்த உருளை பக்கவாட்டுக்குப் போய்விட்டது (ஃப்ரீகேட் 0.21)

கேள்வி – வி.எம்.சி. (கணினி இயக்கும் உலோக வெட்டு இயந்திரம்) ஆபரேட்டர், கோவை

வணக்கம். பம்பு உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். டிராயிங்கைப் பார்த்து ஜாப் ஓட்டத் தெரியும், வரையத் தெரியாது. அதற்காக ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பிய பிறகு, இரண்டு மாதங்களாக இரவில் ஒரு மணி நேரம் ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளைப் பழகி வருகிறேன். காணொளியைப் பார்த்து அப்படியே செய்தால் சரியாக வருகிறது; சொந்தமாக ஒன்றை வரைந்துவிட்டுப் பாதியில் திருத்தப் போனால்தான் எல்லாம் குலைந்துவிடுகிறது.

இப்போது வரைவது ஒரு பேரிங் பிராக்கெட். 120 × 80 × 12 மி.மீ. தட்டு, அதன் மேல்முகத்தில் 60 மி.மீ. விட்டமுள்ள உருளை, இரண்டும் சேரும் இடத்தில் 5 மி.மீ. ஃபில்லட் (மூலையை வளைவாக்குவது). நீளத்தை 140 ஆக மாற்றியபோது ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் தட்டின் இருபரிமாணக் கோட்டுப்படமான முதல் ஸ்கெட்சைத் திறந்து ஒரு மூலையை 15 மி.மீ. சதுரமாக வெட்டியதும், உருளை தட்டின் பக்கவாட்டில் போய் முளைத்துக்கொண்டது. ஃபில்லட்டின் மேல் சிவப்புக் குறி விழுந்தது. மூன்று முறை முதலிலிருந்து வரைந்தும் இதே கதைதான். நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில் 1

பழைய பதிப்பை விட்டுவிட்டு, 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ நிறுவுங்கள். இந்தச் சிக்கலைக் குறைக்கும் திருத்தம் அதில்தான் சேர்க்கப்பட்டது.

பதில் 2

புதிய பதிப்பை நிறுவுவது நல்லதுதான், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். அதில் சிக்கல் குறைந்திருக்கிறதே தவிர, முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. வரையும் முறை மாறாவிட்டால் பெரிய மாடலில் மறுபடியும் மாட்டிக்கொள்வீர்கள்.

உருளையின் ஸ்கெட்சைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள பண்புகளில் 'சப்போர்ட்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'ஃபேஸ்6' என்று இருக்கும் என நினைக்கிறேன். வெறும் தட்டுக்கு ஆறு முகங்கள். பக்க முகங்கள் நான்குக்கும் முதலில் எண் விழுந்து, மேல்முகம் ஆறாவதாக வருகிறது. மூலையை வெட்டியதும் பக்க முகங்கள் ஆறாகிவிட்டன, ஆகவே ஆறாம் எண் இப்போது ஒரு பக்கச் சுவருக்குப் போய்விட்டது. நீங்கள் குறித்தது மேல்முகம் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. எண்ணைத்தான் அது நினைவில் வைத்திருக்கிறது. நீளத்தை மாற்றியபோது முகங்களின் எண்ணிக்கை மாறவில்லை, அதனால் தப்பித்தீர்கள்.

நீங்கள் மெஷினில் நிற்பவர் என்பதால் இது எளிதில் புரியும். பின்னால் வெட்டப்படப் போகும் முகத்தை டேட்டமாக (அளவெடுக்கும் ஆதாரமாக) எடுத்து யாராவது ஜாப்பைக் கட்டுவார்களா? இங்கேயும் அதே நியாயம்தான். ஸ்கெட்சை முகத்தின் மேல் அமர்த்தாமல், ஆரிஜினில் (அளவுகள் தொடங்கும் மூலப்புள்ளியில்) உள்ள எக்ஸ்-ஒய் தளத்தில் அமர்த்தி, 'அட்டாச்மென்ட் ஆஃப்செட்' பகுதியில் இசட் மதிப்பை 12 என்று கொடுங்கள். தட்டின் தடிமன் பின்னால் மாறக்கூடும் என்றால், அதை ஒரு ஸ்ப்ரெட்ஷீட் கட்டத்தில் எழுதி, தட்டின் உயரத்தையும் இந்த இசட் மதிப்பையும் அதே கட்டத்தோடு இணைத்துவிடுங்கள்.

மூலை வெட்டையும் முதல் ஸ்கெட்சில் திணிக்காமல், பின்னால் தனிப் பாக்கெட்டாக, அதாவது பொருளை வெட்டியெடுக்கும் தனிப் படியாக, செய்வதே என் பழக்கம். ஃபில்லட் விளிம்பின் எண்ணை நம்பியிருப்பதால் அது எப்போதும் கடைசி வேலை. நீங்களும் பர் (வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிர்) எடுப்பதைக் கடைசியில்தானே செய்கிறீர்கள்.

கேட்டவர்

'ஃபேஸ்6' என்றேதான் இருந்தது! நீங்கள் சொன்னபடி தளத்தை மாற்றி, ஃபில்லட்டை அழித்துவிட்டு, மூலையைப் பாக்கெட்டாக வெட்டிய பிறகு ஃபில்லட்டைப் புதிதாகப் போட்டேன். தடிமனை 12-லிருந்து 16 ஆக்கியபோது உருளை தானாகவே மேலேறியது. ஒன்று மட்டும் பாக்கி: நீளம், அகலம் இரண்டும் கொடுத்த பிறகும் தட்டின் ஸ்கெட்ச் பச்சையாகவில்லை (எல்லாம் உறுதியானால்தான் பச்சையாகும்), இன்னும் 2 விடுதலைப் பாகைகள் இருப்பதாகக் காட்டுகிறது.

பதில் 2

அந்த இரண்டும் எக்ஸ், ஒய் நகர்வுகள். செவ்வகத்துக்கு அளவு கொடுத்தீர்கள், இடம் கொடுக்கவில்லை. சுட்டியால் பிடித்து இழுத்துப் பாருங்கள், முழுதாக நகரும். எதிரெதிர் மூலைப் புள்ளிகள் இரண்டையும், மூன்றாவதாக ஆரிஜின் புள்ளியையும் தேர்ந்தெடுத்து, சிம்மெட்ரி கன்ஸ்ட்ரெயின்ட் (சமச்சீர்க் கட்டுப்பாடு) கொடுங்கள். உருளையின் மையத்தையும் அதே ஆரிஜினில் பொருத்திவிட்டால், தட்டின் நடுவைத் தேடி அளக்கும் வேலை மிச்சம்.

கேட்டவர்

பச்சையாகிவிட்டது. மிக்க நன்றி. நாளை இரவு போல்ட் துளைகளைப் போடுகிறேன். அவற்றையும் எக்ஸ்-ஒய் தளத்திலிருந்தே வரைகிறேன்.