கிஃப்ட் ராப்: சரைப்பிடியா, பிணையலா?

அன்புள்ள குழுவினருக்கு,

வியாழன் காலை சுவர்ப்படம் அச்சகத்துக்குப் போகவேண்டும். வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் பிரேசிலிய ஜியு ஜிட்சு என்னும் தரை மல்யுத்தம் பழகும் பிள்ளைகளுக்கான படம் அது. மற்றப் பிடிகளுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் கிடைத்துவிட்டது. பரிசைத் தாளில் சுற்றுவது என்று ஆங்கிலத்தில் பொருள்படும் 'கிஃப்ட் ராப்' மட்டும் நிற்கிறது.

சில மடல்கள் வேறு பிடியைப் பற்றிப் பேசுவதால் இன்னொரு முறை சொல்கிறேன். எதிராளி மல்லாந்து கிடக்கிறார், நாம் அவர்மேல் அமர்ந்திருக்கிறோம். அவருடைய முழங்கையை அவர் கழுத்துக்குக் குறுக்கே தள்ளுகிறோம். நமது கை அவர் தலைக்குக் கீழே நுழைந்து, மறுபக்கம் வந்து நிற்கும் அவருடைய மணிக்கட்டைப் பிடிக்கிறது. அவ்வளவுதான். அவர் கையே அவர் கழுத்தைச் சுற்றிக்கொள்கிறது, நமக்கு ஒரு கை மிச்சம். அங்கிருந்து முதுகுக்குப் போகலாம், நெரிக்கலாம், கையை நீட்டிப் பூட்டலாம். இந்த நிலை தன்னளவில் ஆட்டத்தை முடிப்பதில்லை, ஆளை நிறுத்திவைக்கிறது.

அதனால்தான் 'கழுத்துப்பூட்டு' என்ற பெயர் வேண்டாம் என்கிறேன். எங்கள் வகுப்பில் பூட்டு என்றால் மூட்டை மடக்குவது. அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை உடனே மெத்தையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளும். இது பிடி, பூட்டு அல்ல.

மட்டக்களப்பு அக்கா, ஒட்சிசனையும் ஐதரசனையும் ஏற்ற நாம் கிஃப்ட் ராப்பை அப்படியே எழுதினால் என்ன என்று கேட்டீர்கள். ஒட்சிசனைக் கையால் செய்து பார்க்க முடியாது, அக்கா. பிடியின் பெயர் கைக்கு வழி சொல்லவேண்டும்.

ஐயா, நீங்கள் சொன்ன 'பிணையல்' என்ற பெயர் பற்றிய உங்கள் நான்கு மடல்களையும் வாசித்தேன். பின், பின்னு, பிணை, பிணி என்று நீங்கள் போன வழியில் எல்லா இடத்திலும் என்னால் வர முடியவில்லை. ஆனால் பிணையல் என்றால் மாலை, அது கழுத்தில் விழுவது என்றீர்களே, அது அழகு. சொந்தக் கையே மாலையாக விழுகிறது. புறநானூற்று 80ஆம் பாட்டையும் எடுத்துப் பார்த்தேன். ஆமூர் மல்லனை வீழ்த்தும் சோழன் கிள்ளியின் ஒரு கால் மார்பிலும் ஒரு கால் பின்னாலும் இருப்பதைப் படித்ததும் எங்கள் மெத்தையே கண்ணில் வந்தது. பாட்டில் நிலை இருக்கிறது, பிடிக்குப் பெயர் இல்லை. ஆனால் கொழும்பில் 'பிணை' என்றால் பிள்ளைக்குப் புதுக்கடை நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி எழுதியது எனக்குப் பெரிய உதவி. ஜப்பானியர் ஒரு பிடியை 'கேசா கட்டாமே' என்கிறார்கள். கேசா என்பது பிக்குகளின் காவியுடை, நம் காசாயத்தோடு உறவுள்ள சொல். கொழும்பில் எந்தப் பஸ்ஸிலும் காணும் உடை. ஒரு தோளின்மேல் சரிந்து விழும் அந்தத் துணியைப் பார்த்துத்தான் பிடிக்குப் பெயர் வைத்தார்கள். அப்படியானால் நாமும் தெருவில் காண்பதைப் பார்ப்போம்.

காலிமுகத்திடலில் கடலை வாங்கும்போது கவனியுங்கள். கடலைக்காரர் தாளைச் சுருட்டுகிறார், கடலையைக் கொட்டுகிறார், கடைசியில் மேல் மூலையை மடித்து உள்ளே செருகுகிறார். அந்தத் தாள் சுருள்தான் சரை. அந்த மூலை உள்ளே போகும்வரை சரை அவிழும். மணிக்கட்டைப் பிடிப்பதும் அதுவேதான், அதைப் பிடிக்காதவரை கை கழன்றுவிடும். போன சனிக்கிழமை ஒரு பிள்ளையிடம் "மூலையைச் செருகு" என்றேன், கை தானாக மணிக்கட்டுக்குப் போனது. என் வாக்கு 'சரைப்பிடி'க்கு.

ஹட்டன் நண்பரின் மறுப்பு நியாயமானது. சரை யாழ்ப்பாணத்துச் சொல், மலையகத்தில் பொட்டலம் என்பார்கள் என்கிறார். எங்கள் வகுப்பிலும் பாதிப் பிள்ளைகளுக்குச் சரையைக் காட்டித்தான் விளக்கவேண்டியிருந்தது. 'பொட்டலப் பிடி' வாயில் நீளுகிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

வாக்களித்த ஐவரில் மூவர் சரைப்பிடி. படத்தில் அதுவே போகிறது. ஐயா நேற்றிரவும் எழுதியிருக்கிறார்: 1951இல் ரியோவில் பிரேசிலிய ஜியு ஜிட்சு முன்னோடி எலியோ கிராசியை ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா வென்ற பூட்டுக்கு ஜப்பானியப் பெயர் 'உடே கராமி', அதில் கராமி என்பது பிணைத்தலே என்கிறார். அது உண்மை. அந்தப் பூட்டு அடுத்த படத்தில் வருகிறது. ஐயா, அதற்குக் 'கைப்பிணையல்' பொருந்துமா?