டிக்கோயாத் தோட்டத்துப் பழைய துரை பங்களா: குடியிருந்தவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

தேயிலைச்சரிவு:
இலங்கை மலையகத்து டிக்கோயாவில் ஒரு பெரிய துரை பங்களா, அதாவது தோட்டத்தை நடத்தியவர் இருந்த வீடு. தேயிலைக்கு முந்தைய கோப்பிக் காலத்தது என்பது வாய்ப்பேச்சு மட்டும்தான். இருந்தவர்களை வரிசையாக எழுத வேண்டும். எங்கே தொடங்குவது? கட்டடத்தின் வயதை எப்படி அறிவது?

பழஞ்சுவடி:
இலங்கைத் தோட்டங்களின் பழைய விவரநூலான பெர்குசன் டிரெக்டரியில் தொடங்குங்கள். தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேளுங்கள். தோட்டவாரியாக உரிமையாளர், முகாமையாளர், ஏக்கர், பயிர் இருக்கும். ஐந்தைந்து ஆண்டாகத் தாண்டிப் பாருங்கள். பெயர் மாறும் இடத்தில் மட்டும் ஆண்டாண்டாக.

ஆனால் அதில் உள்ளவர் எல்லாரும் அந்த வீட்டில் இருந்தவர் அல்லர். உரிமையாளர் லண்டனில் இருந்திருக்கலாம். ஒரே முகாமையாளர் பெயர் பக்கத்துத் தோட்டத்துக்கும் இருந்தால், அவர் எந்த பங்களாவில் இருந்தார்? அதனால் உரிமையாளர், முகாமையாளர், குடியிருந்தவர் என்று மூன்று நிரல் போடுங்கள். மூன்றாவதை நிரப்ப ஞானஸ்நானப் பதிவேடு உதவும். தகப்பனின் தொழிலும் இருப்பிடமும் அதில் வரும். உங்கள் பக்கம் வார்லி தேவாலயம் 1878இலிருந்து நிற்கிறது, அங்கே கேளுங்கள்.

மலைக்காற்று:
1880களில் உரிமையாளர் அடிக்கடி மாறினால் குழம்ப வேண்டாம். 1869இல் வந்த இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது, 1884இல் ஓரியண்டல் வங்கியும் விழுந்தது. அடகுத் தோட்டங்கள் கைமாறின. பிறகு கம்பனிகள் வாங்கின, துரை சம்பளக்காரர் ஆனார். 1975இல் அரசுடைமை, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம். உரிமை மாற்றத்தைக் காணிப் பதிவகத்தில் தேடுங்கள், ஒரு பக்கம் முந்தைய பக்கத்தைக் காட்டும். தோட்டங்கள் ஒன்றாக்கப்பட்ட இடத்தில்தான் சங்கிலி அறும்.

கல்லுஞ்சாந்தும்:
வயதுக்கு முகப்பை நம்பாதீர்கள், சீலிங்குக்கு மேலே ஏறுங்கள். உள்சுவர் ஒன்றில் வெளிப்பூச்சும் வெள்ளையும் தெரிந்தால் அது ஒரு காலத்து வெளிச்சுவர். அதற்கு அப்பால் உள்ள அறை பின்னால் சேர்த்தது. எல்லாச் சுவரின் தடிப்பையும் அளந்து வரைபடத்தில் குறியுங்கள். தடித்த கற்சுவர் அறைகளே பெரும்பாலும் மூலவீடு. கூரைத் தகரம் பலமுறை மாறியிருக்கும், அதை வைத்து முடிவு செய்யக்கூடாது. சுண்ணாம்புச் சாந்தைச் சோதிக்கும்போது சீமெந்து பூசி மூடிவிடாதீர்கள், ஈரம் உள்ளே அடைபட்டுப் பழைய சாந்து உதிரும்.

லயத்துப்பிள்ளை:
நான்காவது நிரலும் போடுங்கள்: அப்பு (பங்களாச் சமையற்காரர்), ஆயா, தோட்டக்காரர். துரைமார் போய்ப் போய் வந்தார்கள், பின்னறைகளில் இருந்த குடும்பங்கள்தான் தொடர்ந்து இருந்தன. இவர்கள் பெயர் செக்ரோலில் (வேலையாட்களின் வரவு, சம்பளப் பதிவேடு) பங்களா வேலை என்று தனியாக இருக்கும். பழைய செக்ரோல் தோட்ட ஆபீசிலோ ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) மாடியிலோ கிடக்கும். தாள் ஈரத்தில் ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள், நிழலில் காயவிட்டு, தேதி தெரியப் படம் எடுத்தபின் புரட்டுங்கள்.