மாருதி 800-இன் ஹெட்டைக் கழற்றி மாட்டியவர்களின் அனுபவங்கள்

கரூரில் நான் ஓட்டும் மாருதி 800, 1997ஆம் ஆண்டு வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின். ரேடியேட்டர் ஹோஸில் இருந்த சிறு கசிவை இரண்டு மாதம் பொருட்படுத்தாமல் விட்டதன் பலனாக, திருச்சி சாலையில் ஒரு நண்பகலில் வெப்ப முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அன்றிலிருந்து காலைதோறும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது, புகை வெளுத்தது, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பிசுக்கு படிந்திருந்தது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கழற்றுவதற்கு அரை நாள் போதுமானதாக இருந்தது. பேட்டரி வயரை எடுத்து, தண்ணீரை வடித்து, ஏர் கிளீனர், கார்புரேட்டர் ஹோஸ்கள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் என்று ஒவ்வொன்றாக விலக்கினேன். முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்ததால் சைலன்சர் பக்கத்து நட்டுகளும் முறியாமல் வந்தன. ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும் என்பது மட்டும் முன்பே தெரிந்திருந்தது. நடுப் போல்ட்டை முதலில் முழுவதுமாக எடுத்துவிட்டால் அலுமினிய ஹெட் வளைவதற்கு நாமே வழி செய்தவர்களாவோம்.

மாட்டுவதற்கு மூன்று நாட்கள் ஆயின. ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்கோலை வைத்துப் பார்த்தபோது, இடைவெளியை அளக்கும் 0.05 மில்லிமீட்டர் தகடே நுழையக் கூடாத இடத்தில் 0.15 தகடு தாராளமாக நுழைந்ததால், லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தி வாங்க வேண்டியதாயிற்று. போல்ட் துளைகளில் தேங்கியிருந்த தண்ணீரையும் எண்ணெயையும் துணியால் ஒற்றி, காற்றடித்து உலர்த்துவதற்கே ஒரு மாலை கழிந்தது. துளைக்குள் திரவம் இருந்தால், போல்ட் இறங்காமலேயே, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் அது இறுகிவிட்டதாகக் காட்டும். அந்தப் பொய்யை நம்பி ஓட்டினால் புதிய கேஸ்கட்டும் சில நாட்களில் போய்விடும். இறுக்கும்போது வரிசை தலைகீழாகும்: நடுவில் தொடங்கி ஓரத்திற்கு, ஒரே மூச்சில் இல்லாமல் இரண்டு மூன்று கட்டங்களாக.

இவ்வளவு கவனமாக இருந்தும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டில் தோற்றேன். எஞ்சின் கிளம்பியது, ஆனால் ஐடிலில் நிற்கவில்லை, மேட்டில் இழுக்கவும் இல்லை. கார்புரேட்டரைச் சந்தேகித்து இருமுறை கழற்றிக் கழுவினேன். தெருமுனை மெக்கானிக் அண்ணன் வந்து, “பெல்ட்ட டைட் பண்ணதுக்கு அப்புறம் கிராங்க்க ரெண்டு சுத்து சுத்திப் பாத்தீங்களா சார்?” என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் கேம் ஒரு முறை சுற்றும். அப்படிச் சுற்றிவிட்டுப் பார்த்தபோது கேம் புல்லியின் குறி ஒரு பல் விலகி நின்றது. பெல்ட்டை விறைப்பாகப் பிடிக்கும் டென்ஷனரை இறுக்கும் முன் பெல்ட்டின் தொய்வு தவறான பக்கத்தில் தங்கியிருந்ததே காரணம். சரிசெய்ய இருபது நிமிடம்தான் ஆயிற்று. கார்புரேட்டருக்குச் செலவிட்ட ஒன்றரை நாளை யாரிடம் கேட்பது?

*

மேலே எழுதியவரின் அளவுக்கு நான் உள்ளே போனதில்லை. நாகர்கோவிலில் என் அண்ணனின் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் மாற்றப் போய் ஹெட்டின் மரையைக் கெடுத்தவன் நான். பிளக் எஃகு, ஹெட் அலுமினியம். கோணலாக நுழைந்த பிளக்கை ஸ்பேனரால் திருகினால் எது தோற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சற்றுக் கடினமாக இருந்ததை இறுக்கம் என்று எண்ணிவிட்டேன். பட்டறையில் துளையைப் பெரிதாக்கி உள்ளே புது மரை இன்சர்ட் வைத்துக் கொடுத்தார்கள். அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போதெல்லாம் பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸைச் செருகி, அதைப் பிடித்துத்தான் திருகத் தொடங்குகிறேன். மரை சரியாகப் பிடிக்காவிட்டால் ஹோஸ் வழுக்கிக்கொண்டு சுற்றுமே தவிர மரையை அறுக்காது. எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றுவதையும் விட்டுவிட்டேன்.

*

என் அனுபவம் சிறியது, சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றியபின் நட்டு எதுவும் உள்ளே விழுந்துவிடக் கூடாது என்று எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் குழாயான மேனிஃபோல்டின் வாயைப் பழைய வேட்டித் துணியால் அடைத்தேன். முறைப்படி சரியான காரியம்தான். மறுநாள் கார்புரேட்டரை மாட்டி, ஹோஸ்களைச் செருகி, ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பெட்ரோல் வருகிறதா, கரண்ட் வருகிறதா என்று இரவு ஒன்பது மணி வரை தேடினேன். என் மனைவிதான் டார்ச்சைப் பிடித்தபடி, “அந்தத் துணிய எங்க வச்சீங்க?” என்று கேட்டாள். நல்லவேளையாக அது வால்வு வரை போகவில்லை. இப்போது துணி அடைக்கும்போது அதன் ஒரு முனையை நீளமாக வெளியே தொங்கவிட்டு, அதில் சிவப்பு நாடா ஒன்றையும் கட்டி வைக்கிறேன்.