ஷெட்யூல் செய்த நியூஸ்லெட்டர் ஏஜென்ட்டுக்குத் தெரியவில்லை, அவசர உதவி

வாரமடல்:
நியூஸ்லெட்டர் வரிசையில் என்னென்ன காத்திருக்கிறது என்று ஏஐ ஏஜென்ட் பார்த்துச் சொல்ல ஒரு சின்ன எம்சிபி சர்வர் (ஏஜென்ட்டுக்கு வெளி டூல்களை இணைத்துத் தரும் நிரல்) எழுதியிருக்கிறேன். படிக்க மட்டும்தான், எதையும் மாற்றக் கூடாது. கனெக்ட் ஆகிறது, டூலும் லிஸ்ட்டில் தெரிகிறது, ஆனால் கூப்பிட்டால் ஏற்கெனவே போன இதழ்கள்தான் வருகின்றன, ஷெட்யூல் செய்தது ஒன்றுகூட இல்லை. இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிறோம், ஒரே நாளில் இரண்டு மடல் போய்விடக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. நாளைக்குள் வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

இரவுப்பணி:
எந்த மென்பொருளில் மடல் அனுப்புகிறீர்கள்? எந்த ஏபிஐ, அதாவது நிரல் எந்த வழியாக அதனிடம் தகவல் கேட்கிறது? அழைக்கும் வரியைப் போடுங்கள், ரகசிய கீயை மறைத்துவிட்டு.

நூல்கண்டு:
இது டைம்ஸோன்தான். ஏபிஐக்கள் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) தரும், நம்முடையது அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். தேதியை வைத்து வடிகட்டினால் இந்த வித்தியாசத்தில் சிலது விழுந்துவிடும்.

கருப்புத்திரை:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. கன்சோல் லாக் எங்காவது விட்டிருக்கிறீர்களா பாருங்கள். சர்வர் ஸ்டாண்டர்ட் அவுட்புட் வழியாகப் பேசினால், அதில் ஒரு வரி லாக் கலந்தாலும் ஜேசன் (தகவல் போகும் வடிவம்) உடைந்துவிடும். லாக் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரருக்குத்தான் போக வேண்டும்.

இரவுப்பணி:
உடைந்திருந்தால் பழைய இதழ்களும் வந்திருக்காதே.

மூத்தநிரலர்:
மென்பொருள் பெயர்கூடச் சொல்லாமல் ஆளாளுக்கு ஊகம் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஆவணத்தைத் திறந்து பத்து நிமிடம் உட்கார்ந்து படித்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இப்போதெல்லாம் ஏஐ கோடு எழுதித் தருகிறது, படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

வாரமடல்:
கோஸ்ட் என்ற பதிப்பு மென்பொருள், சொந்த சர்வரில் ஓடுகிறது. இன்டக்ரேஷன் பக்கத்தில் கன்டென்ட் கீ, அட்மின் கீ என்று இரண்டு இருந்தன, படிக்க மட்டும் என்பதால் கன்டென்ட் கீயைப் போட்டேன். ஸ்டேட்டஸ் ஷெட்யூல்ட் என்று ஃபில்டரும் கொடுத்திருக்கிறேன்.

இரவுப்பணி:
சரி, அங்கேதான் சிக்கல். கன்டென்ட் ஏபிஐ வெளியானதை மட்டுமே தரும், அது வாசகர் பார்க்கும் தளத்துக்கானது. நீங்கள் எந்த ஃபில்டர் போட்டாலும் டிராஃப்ட்டும் ஷெட்யூல்டும் வராது. அட்மின் ஏபிஐக்குப் போங்கள், அங்கே இதே ஃபில்டர் வேலை செய்யும். அட்மின் கீயில் நடுவில் ஒரு முக்காற்புள்ளி இருக்கும், முன்பாதி ஐடி, பின்பாதி ரகசியம். ரகசியம் ஹெக்ஸில் (பதினாறடிமான எண்களில்) இருக்கிறது, அதை பைட்டுகளாக மாற்றிவிட்டுத்தான் ஜேடபிள்யூடி டோக்கனில் (அழைப்போடு போகும் அனுமதிச் சீட்டு) கையெழுத்திட வேண்டும், அப்படியே போட்டால் 401, அதாவது அனுமதி இல்லை என்ற பிழை வரும். டோக்கனுக்கு 5 நிமிடத்துக்கு மேல் ஆயுள் கொடுக்க முடியாது, அதனால் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகச் செய்துவிடுங்கள்.

கருப்புத்திரை:
ஆனால் அட்மின் கீயால் எழுதவும் அழிக்கவும் முடியுமே, அப்புறம் எப்படி இது படிக்க மட்டும்?

நூல்கண்டு:
எம்சிபியில் ரீட் ஒன்லி ஹின்ட் என்று ஒன்று இருக்கிறது, அதை ட்ரூ என்று வையுங்கள், முடிந்தது.

மூத்தநிரலர்:
முடியவில்லை. அது வெறும் குறிப்பு, பெயரிலேயே ஹின்ட் இருக்கிறது. நம்பகமான சர்வரிலிருந்து வந்தால் ஒழிய அதை நம்பக் கூடாது என்று எம்சிபி விதிமுறையே கிளையன்ட்டிடம் (ஏஜென்ட்டை ஓட்டும் செயலி) சொல்கிறது. ஒரு டூல் அழித்துக்கொண்டே தன்னைப் படிக்க மட்டும் என்று சொல்லிக்கொள்ளலாம், யார் தடுப்பது?

நூல்கண்டு:
சார், அவர் தன் சர்வரைத் தானே எழுதுகிறார், அவரை அவரே ஏமாற்றவா போகிறார்? ஹின்ட் இருந்தால் கிளையன்ட் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்காமல் விடலாம், அதற்காகச் சொன்னேன்.

இரவுப்பணி:
இருவரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் உண்மையான காவல் கோடில்தான். ஏஜென்ட்டுக்கு யூஆர்எல்லையோ மெத்தடையோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே தராதீர்கள். ஒரே டூல், உள்ளே கெட் (படிக்கும் அழைப்பு) மட்டும், கீ என்விரான்மென்ட் வேரியபிளில். மடலின் உடல் பகுதியை ஏஜென்ட்டுக்கு அனுப்ப வேண்டாம், ஃபீல்ட்ஸில் தலைப்பும் வெளியாகும் நேரமும் கேட்டால் போதும். விருந்தினர் கட்டுரைக்குள் யாராவது "இதைப் படிக்கும் ஏஜென்ட் இன்னது செய்" என்று எழுதி வைத்திருந்தால், அது ஏஜென்ட் கண்ணில் படவே படாது.

கருப்புத்திரை:
இவ்வளவுக்கு ஒரு பகிர்ந்த காலண்டர் போதாதா?

மூத்தநிரலர்:
காலண்டரைக் கையால் புதுப்பிக்க வேண்டும், இங்கே இரண்டு பேர், ஒருவர் மறந்தால் போயிற்று. இதில் அவர் கேட்பது நியாயம்தான்.

வாரமடல்:
அட்மின் கீ போட்டதும் வந்துவிட்டது, நன்றி. காலை 6 மணி மடல் மட்டும் 00:30 என்று காட்டுகிறது.

நூல்கண்டு:
முதலிலேயே யூடிசி என்றேனே. மாற்றும் கணக்கை ஏஜென்ட்டிடம் விடாதீர்கள், டூலே நம் நேரத்துக்கு மாற்றித் தரட்டும், கூடவே டைம்ஸோன் பெயரையும் எழுதட்டும்.

இரவுப்பணி:
இன்னொன்று, லிமிட் சொல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்கு 15 தான் வரும். வரிசையில் அதற்கு மேல் இருக்கிறதா?