உயிரியல் பிஎச்டி (அமெரிக்கா): விண்ணப்பத்துக்கு முன் புரொபசருக்கு ஈமெயில் போடணுமா?

மேப்பிரிவு_மலர்

ஊர் தலவாக்கலை. பேராதனையில் தாவரவியல் சிறப்புப் பட்டம், நாலாம் வருஷம், ஜிபிஏ 3.42. ஆய்வு தேயிலைக் கொப்புள நோய், அதாவது பிலிஸ்டர் பிளைட். நோய் பிடிச்ச கொழுந்திலிருந்து டிஎன்ஏ எடுத்து, ஐடிஎஸ் பகுதியை (இனத்தை அடையாளம் காட்டுற டிஎன்ஏ துண்டு) பிசிஆர் முறையில் பெருக்கி பூஞ்சையை அடையாளம் காண்கிறது. மாஸ்டர்ஸ் செய்யாமல் அடுத்த ஆகஸ்ட் சேர்க்கைக்குப் போட நினைக்கிறேன்.

முதலில் புரொபசர்களுக்கு எழுதணுமா, நேரே விண்ணப்பிக்கலாமா? சிபாரிசுக் கடிதம் கேட்டால் "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்றாங்களே, அது சரியா? இன்னொண்ணு, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் கெம்பஸ் பதிவில் ஒரு மாதிரியும் அப்பாவின் பெயர் எழுத்துக்கூட்டல் வித்தியாசப்படுது. இதனால் பிரச்சினை வருமா?

மண்வாசி

நாலு வருஷ சிறப்புப் பட்டத்துக்கு மாஸ்டர்ஸ் தேவையில்லை. மூணு வருஷப் பொதுப் பட்டக்காரருக்குத்தான் பல இடங்களில் சிக்கல். 3.42 செகண்ட் அப்பர் (இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு), நல்ல நிலை. அதை வேற அளவுக்கு மாத்திக் காட்டாதீங்க. ட்ரான்ஸ்கிரிப்டில் உள்ளபடியே போடுங்க. டபிள்யூஈஎஸ் (வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடுற நிறுவனம்) மதிப்பீடும் அவங்க கேட்டால் மட்டும். பல இடங்களில் விண்ணப்பத்தோட ஸ்கேன் பிரதி போதும், மூலப் பிரதியை இடம் கிடைச்ச பிறகுதான் கேட்பாங்க.

ஈமெயில் விஷயம் நீங்க போடுற துறை எந்த வகை என்பதைப் பொறுத்தது. நம்ம பிள்ளைகள் அதிகமாகத் தடுக்கி விழுறது இங்கேதான்.

மூலக்கூற்று உயிரியல், கல உயிரியல், உயிர்மருத்துவம் மாதிரியான திட்டங்களில் பெரும்பாலும் ரொட்டேஷன் முறை. முதல் வருஷம் மூணு ஆய்வுகூடங்களில் எட்டுப் பத்து வாரம் வீதம் வேலை செஞ்சிட்டு ஒண்ணைத் தெரிவு செய்வீங்க. ஆளை எடுக்கிறது ஒரு குழு. ஒரு புரொபசர் "வாங்க" என்று சொன்னாலும் அவர் கையில் முடிவு இல்லை. இங்கே ஈமெயில் கட்டாயமில்லை. அவர் அந்த வருஷம் மாணவர் எடுக்கிறாரா என்று தெரிஞ்சுக்கலாம், அவ்வளவுதான்.

தாவர நோயியல், பூச்சியியல், சூழலியல், வனவியல் துறைகளில் பெரும்பாலும் நேரடிச் சேர்க்கை. ஒரு புரொபசர் தன் ஆய்வு நிதியிலிருந்து உங்களுக்குச் சம்பளம் கொடுக்கச் சம்மதிச்சால்தான் விண்ணப்பம் நகரும். இங்கே எழுதாமல் போடுறது விண்ணப்பக் கட்டணத்தை மகாவலியில் போடுற மாதிரி. உங்க தலைப்புக்கு இந்த வகைதான் அதிகம் பொருந்தும். அதனால ஆகஸ்ட், செப்டம்பரிலேயே எழுதத் தொடங்குங்க.

ஈமெயில் 150 சொல்லுக்கு மேல் வேண்டாம். "ரெஸ்பெக்டட் சேர்" என்று தொடங்கி வாழ்த்துப்பா பாட வேண்டாம். முதல் வரியில் யார், என்ன படிப்பு. இரண்டாவதாக உங்க ஆய்வில் செஞ்ச ஒரு குறிப்பான வேலை. பிறகு அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்கு எழுந்த உண்மையான கேள்வி. கடைசியில் "அடுத்த ஆகஸ்டுக்கு மாணவர் எடுக்கிறீங்களா?" சிவியை பிடிஎஃப்ஆக இணைக்கணும். ரெண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதோட விடுங்க. பெயரை மட்டும் மாத்தி நாற்பது பேருக்கு அனுப்பினால் ஒரே துறையில் ரெண்டு பேர் அதைப் பார்த்து ஒப்பிட்டுக்குவாங்க.

அமெரிக்கரோட ஒப்பிட்டு மனம் விட்டுப்போகவும் வேண்டாம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச்சின் டி32 என்ற பயிற்சி நிதி அங்கத்திய குடிமக்களுக்கும் நிரந்தர வதிவாளருக்கும் மட்டும்தான். அதை நம்பி ஓடுற திட்டங்களில் வெளிநாட்டாருக்கு இடம் குறைவு, அது உங்க தகுதிக் குறை இல்லை.

அகார்_தட்டு

கடிதம் பற்றி. நீங்களே எழுதிக் கொடுக்காதீங்க. உங்க நோக்க அறிக்கையும் (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோட நீங்க எழுதுறது) மூணு கடிதமும் ஒரே நடையில் இருந்தால் வாசிக்கிறவருக்கு உடனே தெரியும். அதுக்குப் பதிலா ஒரு பக்கக் குறிப்பு கொடுங்க: அவரிடம் படிச்ச பாடம், பெற்ற தரம், ஆய்வில் நீங்களா தீர்த்த சிக்கல் ரெண்டு, விண்ணப்பிக்கிற இடங்களும் முடிவுத் திகதிகளும். சேருக்கு எழுத நேரமில்லை என்றால் அந்தக் குறிப்பே பாதி வேலையை முடிச்சிடும்.

மூணு கடிதம் வேணும். ஒண்ணு கட்டாயம் ஆய்வு மேற்பார்வையாளர். பாடசாலை அதிபர், பாராளுமன்ற உறுப்பினர் கடிதமெல்லாம் வேண்டாம். கடிதத்தை நீங்க பதிவேற்ற மாட்டீங்க. அவங்க ஈமெயிலைப் படிவத்தில் போட்டதும் நேரே அவங்களுக்கே லிங்க் போகும், சில நேரம் ஸ்பேமில் விழும். முடிஞ்ச அளவு பல்கலைக்கழக முகவரி கொடுங்க. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீங்களா என்று படிவம் கேட்கும், "ஆம்" போடுங்க, இல்லாட்டி கடிதத்துக்கு மதிப்புக் குறையும். ஆறு வாரம் முன்னாடி கேளுங்க.

நோக்க அறிக்கையில் "சின்ன வயசிலிருந்தே இயற்கை மேல் ஆசை", தேயிலை மலை, பனி எல்லாம் வேண்டாம். உங்ககிட்ட அதைவிட நல்ல சரக்கு இருக்கு. கொழுந்தில் பாலிபீனால் அதிகம். அரைச்சதும் அது ஒட்சியேறி டிஎன்ஏயோட ஒட்டிக்கும், படிவு பழுப்பாக வரும், பிசிஆர் நொதியும் வேலை செய்யாது. டிஎன்ஏ பிரிக்கிற சிடிஏபி கரைசலில் பிவிபி, மெர்காப்டோஎத்தனோல் என்ற வேதிப்பொருள்களைச் சேர்த்து அதைச் சமாளிச்சிருப்பீங்க. எது வேலை செய்யலை, எதை மாத்தினீங்க, பிறகு என்ன வந்தது என்று ஒரு பத்தி எழுதுங்க. அந்தப் பத்திதான் உங்களை மத்தவங்களிலிருந்து பிரிச்சுக் காட்டும்.

நேர்முகம் ஜனவரி, பெப்ரவரியில் சூமில் வரும், ஒருத்தரோட 20, 30 நிமிஷம். இந்தக் கேள்விக்கு இப்பவே தயாராகுங்க: "ஜெல்லில் தெரிஞ்ச பட்டை தேயிலையோடது இல்லை, பூஞ்சையோடது என்று எப்படிச் சொல்றீங்க?" கொப்புள நோய்ப் பூஞ்சையான எக்சோபசிடியம் வெக்சன்ஸ் உயிருள்ள இலையில்தான் வளரும், அதனால உங்க டிஎன்ஏ எப்பவும் செடியோட கலந்துதான் வரும். பொதுவான ஐடிஎஸ் பிரைமர் (எந்தத் துண்டைப் பெருக்கணும் என்று காட்டுற சின்ன டிஎன்ஏ இழை) தேயிலையோட ஐடிஎஸ்ஸையும் பெருக்கும். பூஞ்சைக்கே உரிய ஐடிஎஸ்1-எஃப் பிரைமர் பயன்படுத்தினீங்களா, நோயில்லாத கொழுந்தை ஒப்பீட்டுக் கட்டுப்பாடாக ஓட்டினீங்களா, கிடைச்ச டிஎன்ஏயை வரிசைப்படுத்திப் பார்த்தீங்களா? செய்யலை என்றால் இன்னும் நேரம் இருக்கு, செய்ங்க.

மேப்பிரிவு_மலர்

கட்டுப்பாடு ஓட்டியிருக்கேன், பிரைமர் பொதுவானது. சேரிடம் கதைக்கிறேன். பெயர் விஷயம்?

கச்சேரிப்_பக்கம்

பாஸ்போர்ட்தான் அச்சாணி. அதில் இருக்கிற எழுத்துக்கூட்டல் அப்படியே விண்ணப்பத்திலும் ஐஈஎல்டிஎஸ் அல்லது டோஃபல் பதிவிலும் வரணும். பரீட்சைப் பதிவில் ஒரு எழுத்து மாறினாலும் மண்டப வாசலிலேயே நிறுத்தலாம், காசும் போச்சு.

தோட்டப் பதிவு ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவு ஒரு விதமாகவும் இருக்கிறது மலையகத்தில் சாதாரணம். கெம்பஸ் பதிவைப் பட்டச் சான்றிதழ் அச்சாக முன்னாடியே திருத்தக் கேளுங்க, பிறகு என்றால் இழுபடும். திருத்த முடியாட்டி, ரெண்டு பெயரும் ஒருவரையே குறிக்குது என்று ஆங்கிலத்தில் சத்தியக் கடதாசி முடிச்சு, சமாதான நீதவான் முன் கையெழுத்து வெச்சு, ஸ்கேன் பண்ணி ட்ரான்ஸ்கிரிப்டோட ஏத்துங்க. படிவத்தில் "வேறு பெயர்கள்" என்ற கட்டத்திலும் மத்த எழுத்துக்கூட்டலைப் போடுங்க. பிறப்புச் சான்றிதழே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைப் பாருங்க, ஆனா அது மாசக்கணக்கு வேலை.

முழுப் பெயரும் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்திலேயே இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று வரும். பயப்பட வேண்டாம், "முதற்பெயர் தெரியாது" என்பதன் சுருக்கம்தான்.

மண்வாசி

விட்டுப்போனவை. முடிவுத் திகதி பெரும்பாலும் டிசம்பர் 1இலிருந்து 15க்குள். டிசம்பர் 1 இரவு 11.59, அமெரிக்கக் கிழக்கு நேரம் என்றால் நமக்கு மறுநாள் காலை 10.29. கடைசி நாளுக்கு வைக்காதீங்க. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி மின்னலுக்குக் கரண்ட் போனால் ரவுட்டரும் போகும்.

உயிரியல் திட்டங்களில் பெரும்பாலானவை ஜிஆர்ஈ நுழைவுப் பரீட்சையைக் கைவிட்டாச்சு, ஆனாலும் ஒவ்வொரு பக்கத்திலும் பாருங்க. கட்டணம் ஓரிடத்துக்கு ஏறக்குறைய 75 முதல் 125 டொலர். ஆறு, ஏழு இடம் போதும். கட்டண விலக்கு வெளிநாட்டாருக்கும் உண்டா என்று சமர்ப்பிக்க முன்னாடியே துறைக்கு எழுதிக் கேளுங்க, கட்டின பிறகு திரும்பி வராது. பேங்க் கார்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கா என்று ஒரு வாரம் முன்னாடி கேட்டு வையுங்க.

இடம் கிடைச்சதும் கடிதத்தில் பார்க்க வேண்டியது: சம்பளம் ஒன்பது மாசத்துக்கா பன்னிரண்டுக்கா, காப்புறுதி யார் கட்டுறது, பல்கலைக்கழகக் கட்டணங்கள் கழியுமா. ஒருத்தர் மார்ச்சிலேயே பதில் கேட்டு நெருக்கினால், பட்டதாரிக் கல்லூரிகளின் ஏப்ரல் 15 உடன்பாட்டில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கா என்று பாருங்க. இருந்தால், நிதியோட வந்த வாய்ப்புக்கு அந்தத் திகதி வரைக்கும் நீங்க பதில் சொல்ல வேண்டிய கடமை இல்லை.